ஞானப்பல் கழற்றினால் மூன்று நாள் ஓய்வு வேண்டும்

கடைவாய்ப் பக்கம் வீங்கி, வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல், ஒரு பனடோலைப் போட்டுக்கொண்டு சமையலை முடிக்கும் பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருத்தியாகத்தான் இருந்தேன். மகளின் சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு மாமியின் கண் சத்திரசிகிச்சை முடியட்டும் என்றேன். இப்படியே ஒன்றரை வருடம் போயிற்று. ஒருநாள் இரவு எச்சிலை விழுங்கவே முடியாமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

ஞானப்பல் என்பது வாயின் கடைசி மூலையில், பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கும் பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலருக்கு நான்கும் வராது. தாடையில் இடம் போதாவிட்டால் அது பாதி மட்டும் வெளியே தலைகாட்டும். அல்லது பக்கவாட்டில் சாய்ந்து முன்பல்லை முட்டிக்கொண்டு நிற்கும். பாதி முளைத்த பல்லின்மேல் முரசு ஒரு மூடியைப் போல் கிடக்க, அதன் அடியில் சோறும் இறைச்சித் துணுக்கும் சிக்கி அழுகும். அங்கே பிரஷ் போகாது. வீக்கம், வாய் நாற்றம், காதுக்குள் குத்து எல்லாம் இதனால்தான். எனக்கு நடந்ததும் இதுவே.

அதற்காக எல்லோரும் ஞானப்பல்லைக் கழற்ற வேண்டும் என்றில்லை. தொந்தரவு தராத, நோயில்லாத புதைபற்களை முன்னெச்சரிக்கை என்று சொல்லி அகற்ற வேண்டாம் என பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. ஆனால் அடிக்கடி வீங்கும் பல், சொத்தை விழுந்த பல், பக்கத்துப் பல்லைப் பழுதாக்கும் பல் ஆகியவற்றை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. வயது போகப் போக எலும்பு இறுகும், புண் ஆறவும் நாளெடுக்கும். நாற்பதைத் தாண்டிப் போன எனக்கு டொக்டர் இதைத்தான் முதலில் சொன்னார்: "இருபத்தைந்து வயதில் வந்திருந்தால் இரண்டு பேருக்கும் லேசாக இருந்திருக்கும், அம்மா."

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று பயந்து பின்வாங்குபவர்களும் இருக்கிறார்கள். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு. உண்மையில் கவனிக்க வேண்டிய நரம்பு கீழ்த்தாடைக்குள் ஓடுவது. ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியிருந்தால், பிறகு உதடும் நாடியும் சில வாரங்கள் விறைத்திருக்கலாம். அரிதாக அந்த விறைப்பு நிலைத்தும் விடலாம். அதனால்தான் முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். "என் பல் நரம்புக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் கோபிக்க மாட்டார்கள்.

அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் இது இலவசம். சிக்கலான பல் என்றால் பெரிய வைத்தியசாலைகளில் உள்ள வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். கொழும்பு வோட் பிளேசில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையிலும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்தியசாலையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோக மறக்கவேண்டாம். நீரிழிவு, பிரஷர், ஆஸ்துமா, சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து பழுதடைந்த இதய வால்வு, இரத்தம் உறையாமல் இருக்க விழுங்கும் வார்ஃபரின் போன்ற குளிசை, எலும்புத் தேய்வுக்காக வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் குளிசை, இவற்றில் எதையும் மறைக்கக் கூடாது. அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்தவும் கூடாது. கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், பால் கொடுத்தாலும் சொல்ல வேண்டும். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுப்பதையும் சொல்லுங்கள். இதை வெட்கத்தில் பலர் சொல்வதில்லை. ஆனால் அதற்கும் பல் புண் ஆறுவதற்கும் தொடர்பிருக்கிறது. என்ன தொடர்பென்று கீழே சொல்கிறேன்.

வாய் மட்டும் விறைக்கும் ஊசி போட்டுக் கழற்றுவதென்றால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். தனியாகப் போகாதீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவரும் நிலை யாருக்கும் வேண்டாம்.

எனக்கு முதலில் கிருமித்தொற்று அடங்க மருந்து தந்து, பிறகு ஒரு நாள் குறித்தார்கள். கழற்றியது அரை மணித்தியாலம்கூட இல்லை. வலிக்கவில்லை, அழுத்துவதும் தள்ளுவதும் மட்டும் தெரிந்தது. தையல் போட்டு, பஞ்சுத்துணியைக் கடிக்க வைத்து அனுப்பினார்கள்.

பிரச்சினை வீட்டில்தான் தொடங்கியது. பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். அது அழுக்கல்ல. கீழே திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கும் இயற்கையின் கட்டு அது. அதன் மேல்தான் புதுத் தசை வளரும். மிஸ் எனக்குச் சொன்ன ஒவ்வொரு "வேண்டாம்"மும் அந்தக் கட்டியைக் காப்பாற்றத்தான். அரை மணித்தியாலத்துக்கு மேல் பஞ்சை இறுக்கிக் கடிக்க வேண்டும். துப்பாமல் எச்சிலை விழுங்க வேண்டும். முதல் 24 மணித்தியாலம் வாய் கொப்பளிக்கக் கூடாது. ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சக் கூடாது. சூடாக எதுவும் குடிக்கக் கூடாது. வெற்றிலை, புகையிலை கிட்டவும் வரக்கூடாது. குனிந்து வேலை செய்யவோ பாரம் தூக்கவோ கூடாது.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்று மாலை மாமி பாசத்தோடு ஒரு செம்பு நிறையச் சுடுநீரில் உப்புக் கலந்து கொண்டுவந்து, "நல்லா உலுப்பிக் கொப்பளி பிள்ளை, கெட்ட ரத்தம் போகட்டும்" என்றார். இரத்தச் சுவை எனக்கும் அருவருப்பாக இருந்தது. கொப்பளித்துத் துப்பினேன். அடுத்த நாள் முற்றமும் கூட்டினேன். யாரும் கூட்டச் சொல்லவில்லை. குப்பையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வலி குறைய வேண்டிய நேரத்தில் கூடியது. காது, நெற்றிப்பொட்டு எல்லாம் சேர்ந்து விண்ணென்று தெறித்தது. வாயில் ஒரு கெட்ட நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் குழி வெறுமையாக இருந்தது. உறைந்த இரத்தம் கழன்று எலும்பு வெளியே தெரியும் இந்த நிலையை 'உலர்ந்த குழி' என்பார்கள். கீழ் ஞானப்பல் கழற்றியவர்களுக்கே இது அதிகம் வருகிறது. குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும் பெண்களுக்கும் புகைப்பவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூட. "பல் பிடுங்கினால் வலிக்கத்தானே செய்யும்" என்று ஒரு கிழமை பொறுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பொறுக்கத் தேவையில்லை. டொக்டர் குழியைக் கழுவி மருந்துத்துணி வைத்தார். சில மணித்தியாலங்களில் வலி பாதியாகக் குறைந்தது. கராம்பு எண்ணெயையோ அஸ்பிரின் குளிசையையோ வீட்டிலேயே புண்மேல் வைக்கக் கூடாது, அது தசையைப் பொசுக்கிவிடும்.

கொஞ்சம் வீங்குவது வழக்கம். இரண்டாம், மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்கு வந்து பிறகு இறங்கும். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை கன்னத்தில் பதினைந்து நிமிடம் வைத்து எடுத்து, விட்டு விட்டு வைக்கலாம். இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுப்பது நல்லது. விறைப்பு விடுவதற்கு முன்பே முதல் வலிக்குளிசையைப் போட்டுக்கொள்ளுங்கள். 500 மில்லிகிராம் பனடோல் என்றால் பெரியவர்களுக்கு ஒருநாளைக்கு எட்டுக் குளிசைதான் எல்லை. டொக்டர் ஐபுப்ரோஃபென் எழுதினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காய்ச்சல் இருக்கும்போது அதை எடுக்கவே வேண்டாம். டெங்கு உள்ள நாட்டில் இருக்கிறோம்.

மறுநாளிலிருந்து உப்புநீர் கட்டாயம் தேவை. ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்துவிட்டு, துப்பாமல் வழியவிட வேண்டும். மற்றப் பற்களை வழமைபோல் தீட்டலாம். சாப்பாட்டுக்கு ஆறிய அரிசிக் கஞ்சி, மசித்த பருப்பு, தயிர்ச் சோறு, வாழைப்பழம், சொதியில் ஊறிய இடியப்பம் எல்லாம் நல்லவை. புட்டு வேண்டாம், மாத்துணுக்குகள் குழிக்குள் போய்விடும். மிக்ஸர், முறுக்கு, மிளகாய்க் காரம் ஒரு கிழமைக்கு ஒத்திவைக்கவேண்டியவை.

இரத்தம் மறுபடி கசிந்தால் பதறாமல் சுத்தமான துணியை மடித்து அரை மணித்தியாலம் கடியுங்கள். நனைத்துப் பிழிந்த தேயிலைப் பக்கற்றும் உதவும், தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தை நிறுத்தும். அப்படியும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். மூன்று நாளைக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாக்கின் அடி வீங்கினாலோ, விழுங்கவோ மூச்செடுக்கவோ கஷ்டமாக இருந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கழுத்துக்குள் இறங்கும் பல் தொற்று உயிரைப் பறிக்கக்கூடியது. முதல் தடவை அந்த இரவில் நான் வீட்டிலேயே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

நான்கு மாதம் கழித்து மறுபக்கப் பல்லுக்கு நாள் வந்தது. இம்முறை முதல் நாளே மூன்று நாளைக்குக் கறி வைத்தேன். வீட்டுக்காரர் லீவு போட்டார், முற்றம் கூட்டும் வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பஞ்சைக் கடித்தபடி வந்து படுத்த என்னை எட்டிப் பார்த்த மாமி, "இண்டைக்குக் கொப்பளிக்கக் கூடாது, நாளைக்குத்தான்" என்று சொல்லி உப்புப் போத்தலைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். அன்று இரவு சமைத்த மகள் உப்புக்காக அவருடைய கதவைத் தட்ட வேண்டியிருந்தது.