ஞாயிறு போய்விட்ட பிறகு

மென்பொருள் எழுதுபவரின் வேலையில் பாதிதான் திரையில் தெரியும். மீதி அவர் தலைக்குள் இருக்கும். எந்தக் கோப்பு எதை அழைக்கிறது, இங்கே ஒரு வரியை மாற்றினால் எங்கே உடையும் என்பதையெல்லாம் மனத்தில் கட்டி நிறுத்திய பிறகே அவர் கை விசைப்பலகைக்குப் போகிறது. குறுக்கீடு கலைப்பது இந்தக் கட்டுமானத்தைத்தான்.

ஜொகூர் நிரலர்களுக்கு நன்கு பழக்கமான ஒரு வேலையை எடுத்துக்கொள்ளலாம். இம்மாநிலத்தின் வார விடுமுறை 2014 ஜனவரி 1 முதல் வெள்ளி, சனி என்றிருந்தது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. அரசு நாட்காட்டியைப் பின்பற்றிய அலுவலகங்களுக்கு 2024 டிசம்பர் 29 ஞாயிறு வேலை நாள். அடுத்த ஞாயிறு, ஜனவரி 5, விடுமுறை. இரண்டையும் தொட்டு நிற்கும் ஒரு விடுப்பு விண்ணப்பத்தைச் சரியாகக் கணக்கிட, நிரலர் விடுப்புக் கோப்பைத் திறக்கிறார். அங்கிருந்து நாட்காட்டிக் கோப்பு, அதிலிருந்து ஓவர்டைம் கணக்கு. ‘வெள்ளி’ என்று நேரடியாக எழுதிவைத்த இடங்கள் மூன்று அகப்பட்டுவிட்டன. நான்காவதைத் தேடும்போது வாட்ஸ்அப்: “அண்ணே, ஒரு நிமிஷம், நேத்து அனுப்பின ரிப்போர்ட் எங்க இருக்கு?” பதில் சொல்ல இரண்டு நிமிடம் ஆகிறது. திரும்பி வந்தால், அந்த மூன்றில் எதைத் திருத்தியாயிற்று, எதைப் பார்த்ததோடு விட்டது என்பது நினைவில் இல்லை. சம்பளக் கணக்கில் பிழை நுழைவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் கிறிஸ் பார்னின், ஸ்பென்சர் ருகாபர் இருவரும் 86 நிரலர்களின் 10,000 வேலை அமர்வுப் பதிவுகளை ஆராய்ந்தனர். விட்ட வேலைக்குத் திரும்பியவர்கள் ஒரு நிமிடத்துக்குள் நிரல் எழுதத் தொடங்கியது ஏறத்தாழ 10 விழுக்காட்டு அமர்வுகளில்தான். மற்றவற்றில் கோப்பு கோப்பாக அலைந்து, விட்ட இடத்தைத் தேட வேண்டியிருந்தது. முடியாத வேலையின் ஒரு பகுதி மனத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையையும் கெடுக்கிறது என்று 2009இல் சோஃபி லெராய் காட்டினார். அவரே தெரசா குளோம்புடன் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒரு மருந்தும் சொல்கிறது: எழுந்து போகும் முன் எங்கே நிற்கிறோம், திரும்பியதும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவைப்பது. அனுபவசாலிகள் சிலர் விட்ட இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்து நிரலை ஓட்டினால் கம்பைலர் நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்.

ஆனால் தனி ஆள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், கேட்பவர் நிறுத்தாவிட்டால் பயன் குறைவு. சூரிச் பல்கலைக்கழகமும் ஏபிபி நிறுவனமும் சேர்ந்து மேசையில் ஒரு விளக்கை வைத்துச் சோதித்தன. ஆழ்ந்து வேலை செய்யும்போது அது தானாகவே சிவப்பாக மாறும். 12 நாடுகளில் 449 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையில் குறுக்கீடுகள் 46 விழுக்காடு குறைந்தன என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. அலுவலகம் முழுதும் மதிக்கும் ஒரு சிவப்பு அட்டைகூட ஓரளவு இதே பலனைத் தரக்கூடும். சர்வர் விழுந்தது போன்ற அவசரங்களுக்கு முறை வைத்து ஒருவரை நிறுத்திவிட்டால், மற்றவர்கள் நிம்மதியாக எழுதலாம்.

வெள்ளி, சனி விடுமுறை இருந்த நாளில் ஜொகூர் அணிகளுக்கு இதில் ஒரு வசதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஓய்வில் இருக்கும், செய்திகள் குறையும். அந்த அமைதி இப்போது இல்லை. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரி 7இல் கையெழுத்தான பிறகு, ஜொகூர் பாலத்தின் இரு கரையிலும் ஆள் வைத்து நடத்தும் வேலை கூடவே செய்யும். இரு கரைக்கும் கடிகாரம் ஒன்று; அழைப்புகளும் ஒரே நேரத்தில்தான் வரும். சென்னையிலும் அணி உள்ள நிறுவனத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: அங்கே காலை 9.30 என்றால் இங்கே நண்பகல் 12. அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் கூட்டம் வைப்பது நல்ல நேரத்தை வீணடிப்பதாகும். ஸ்டாண்ட்-அப் எனும் அன்றாடக் குறுங்கூட்டத்தை மதியத்துக்குத் தள்ளினால் போதும்.

குறுக்கீடு குறைந்த வேலை நேரத்தைக் கேட்டுப் பெற வழியும் இருக்கிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.