டிரைவர்: மரத் தலை முதல் டைட்டேனியம் வரை

கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளுள் மிக நீளமானது டிரைவர். நீண்ட குழிகளில் முதலடி பெரும்பாலும் இதனால்தான் விழும். கொழும்பில் 1879இல் தொடங்கிய கழகத்தார் காலிமுகத்திடலில் ஆடிய நாட்களிலும், 1896இல் ஆளுநர் வெஸ்ட் றிட்ஜ்வேயின் பெயரைத் தாங்கிய பொரளைத் திடலுக்கு மாறியபோதும், 1928இல் கழகத்துக்கு ‘றோயல்’ பட்டம் கிடைத்தபோதும் டிரைவரின் தலை மரம்தான்.

20ஆம் நூற்றாண்டில் அந்த மரம் பெரும்பாலும் வட அமெரிக்கப் பெர்சிமன். இலங்கைக் காடுகளின் கருங்காலியும் அதே பேரினத்தைச் சேர்ந்தது. இறுகிய மரம், அழகான மட்டை, ஆனால் இரக்கமில்லாதது. முகத்தின் நடுவில் பந்து பட்டால் சீராகப் பறக்கும். அரை அங்குலம் விலகிப் பட்டாலும் தலை திருகிக்கொள்ளும், பந்து வளைந்து புதருக்குள் போகும், கை விறைக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்க முதலில் வெற்றிகரமாக இறங்கியவர் கெரி அடம்ஸ். 1979இல் அவர் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம், உள்ளே வெறுமையான துருவேறா உருக்குத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உட்புறம் காலியானதால் எடையை ஓரங்களுக்குத் தள்ள முடிந்தது. ஓரத்தில் எடை கூடக்கூட, பிசகிப் பட்ட அடியில் தலை திரும்புவது குறையும். பின்னால் வந்த டிரைவர்கள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

நவீன காலத்துக்கு ஒரேயொரு டிரைவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 1991இல் வந்த கலவேயின் பிக் பெர்த்தாவைத்தான் சொல்லவேண்டும். துணி ஆலை நிர்வாகத்திலும் வைன் தயாரிப்பிலும் இருந்துவிட்டு இத்துறைக்கு வந்தவர் ஈலி கலவே. முதலாம் உலகப்போரின் ஜெர்மன் பீரங்கியின் பெயரைப் பெற்ற இந்த மட்டையின் தலை 190 கன சென்ரிமீற்றர். இன்று அது சிறிதாகத் தெரியும். அன்று கண்டவர்கள் வியந்தார்கள். வாரத்தில் ஒருநாள் மட்டும் ஆடுகிறவரும் பயமின்றி டிரைவரைக் கையில் எடுக்கத் துணிந்தது இதனால்தான். 1993இல் பேர்ன்ஹார்ட் லாங்கர் மாஸ்டர்ஸ் பட்டத்தைப் பெர்சிமன் டிரைவரோடு வென்றார். அதன்பின் எந்தப் பெரும் பட்டமும் மரத் தலைக்குக் கிட்டவில்லை.

1995இல் கிரேட் பிக் பெர்த்தா டைட்டேனியத்தில் வந்தது. உருக்கைவிட இலேசான உலோகம் என்பதால் தலையைப் பெரிதாக்கினாலும் எடை கூடவில்லை. முகத்தையும் மெல்லியதாக்க முடிந்தது. மெல்லிய முகம் அடிபடும்போது உள்வாங்கி மீண்டு பந்தை உந்தித் தள்ளும். இந்த உந்துதலுக்கு அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1998இல் வரம்பு வைத்தது. 2000இல் வந்த கலவேயின் ஈஆர்சி டிரைவர்கள் அதை மீறின. பொழுதுபோக்குக்கு ஆடுபவர்கள் அவற்றைப் பாவிக்கலாம் என்று புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆர்னல்ட் பாமர் ஆதரவு தெரிவித்ததும் பெரும் சர்ச்சை மூண்டது. பாமர் போன்ற ஒருவர் விதிக்கு வெளியே நின்றது அவருடைய இரசிகர்களையே வருத்தியது. ஆயினும் வரம்பு நிலைத்தது, நிலைத்ததும் சரியே. எல்லாரும் மேலும் மேலும் தூரம் அடித்தால் பழைய திடல்கள் ஆட்டத்துக்குப் போதாமற் போய்விடும்.

நகரின் நடுவில் வீடுகளும் வீதிகளும் நெருக்கும் பொரளைத் திடலுக்கு இது வெறும் வாதமன்று. களனிவெளி ரயில்பாதை அதன் ஊடாகவே செல்கிறது. ரயில் வந்தால் ஆட்டக்காரர் காத்து நிற்கவேண்டும். நீட்டுவதற்கு அங்கே நிலம் ஏது? 1,800 மீற்றருக்கு மேலே இருக்கும் நுவரெலியாவிலோ காற்று மெலிந்திருப்பதால், அதே அடி கொழும்பை விடத் தூரம் போகும்.

தலையின் பருமன் 2004 முதல் 460 கன சென்ரிமீற்றருக்குள் நின்றுவிட்டது. அதன்பின் போட்டி வேறு திசையில் திரும்பியது. அதே ஆண்டு வந்த டெய்லர்மேட் ஆர்7 குவாட்டில் நான்கு திருகாணிகளைக் கழற்றி மாற்றி எடையை இடம்பெயர்க்கலாம். பந்து வழக்கமாக வலப்பக்கம் விலகுபவர் அதற்கேற்ப மட்டையைத் திருத்திக்கொள்ளலாம். 2022இல் அதே நிறுவனத்திடமிருந்து வந்த ஸ்டெல்த் டிரைவரின் முகமே கரிநாரால் ஆனது. அதே ஆண்டு முதல் தொழில்முறைப் போட்டிகளில் மட்டையின் நீளத்தை 46 அங்குலத்துக்குள் வைக்கும் விதியும் நடைமுறைக்கு வந்தது.