செடி பச்சையா இருக்கு, சரி. குரோமியம் எங்கே போச்சு?

ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருத்தர் போன வாரம் போன் பண்ணினார். "மாப்ளே, மண்ணுல பாக்டீரியா விட்டா தோல் ஷாப்புத் தண்ணியோட விஷம் செடியில ஏறாதாமே? உரக்கடையில பாட்டில் இருக்கு. வாங்கவா?"

நான் படிச்சது பி.இ., பொழப்பு சாப்ட்வேர். சட்டுனு பதில் சொல்லத் தெரியலை. ரெண்டு மூணு ராத்திரி உட்கார்ந்து படிச்சதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்க ஆத்தூர் மலையடிவாரம். காமராஜர் அணைத் தண்ணி. கீழே திண்டுக்கல் சமவெளியில் கதை வேற. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணு இருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு அது: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

தோல் பதனிட குரோமியம் உப்பு பயன்படுத்துகிறார்கள். குரோமியத்துக்கு ரெண்டு முகம். மூன்று இணைதிறன் கொண்டது நம்ம மாதிரி அமிலம் குறைந்த மண்ணில் கரையாமல் படிந்து கிடக்கும். ஆறு இணைதிறன் கொண்டது தண்ணியில் கரைந்து ஓடும், விஷமும் அதிகம். தோல் ஷாப்பில் போடுவது முதல் வகைதான். ஆனா மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதில் கொஞ்சத்தை ரெண்டாவது வகையாக மாற்றிவிடும். அது அமைப்பில் சல்பேட் மாதிரியே இருப்பதால், வேர் சல்பேட்டை எடுக்கும் வழியிலேயே இதையும் உள்ளே விட்டுவிடுகிறது. ஐ.டி. கார்டைப் பார்த்து ஏமாந்த வாட்ச்மேன் கதை.

பாக்டீரியா வேலை செய்வது இங்கேதான். பேசில்லஸ், சூடோமோனாஸ் இனங்களில் சில ரகங்கள் ஆறாம் வகைக்கு எலக்ட்ரான் கொடுத்து மூன்றாம் வகையாக்கிவிடும். சில ரகங்கள் உலோகத்தைத் தங்கள் செல் சுவரிலேயே ஒட்டவைத்துக்கொள்ளும். ரெண்டிலும் வேருக்குப் போவது குறையும். ஆனா உலோகம் எங்கேயும் போகலை. டெலீட் ஆகலை, பூட்டித்தான் வெச்சிருக்கு.

இது வரைக்கும் படிச்சப்ப, வாங்கச் சொல்லிடலாம்னு இருந்தேன். அப்புறம் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் செய்து 1998-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு கண்ணில் பட்டது. கடுகுக் குடும்பத்துக் கனோலா நாற்றுக்கு நிக்கல் கொடுத்து, கூடவே ஒரு மண் பாக்டீரியாவையும் விட்டார்கள். நாற்று நன்றாக வளர்ந்தது. ஆனால் அளந்து பார்த்தால், செடிக்குள் இருந்த நிக்கலின் அளவு குறையவே இல்லை! விஷத்தால் திணறும் செடி எத்திலீன் வாயுவை அதிகம் சுரந்து தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்ளும். பாக்டீரியா அந்த எத்திலீனுக்கான மூலப்பொருளைத் தின்றுவிட்டது. அவ்வளவுதான்.

இன்னும் சில ரகங்கள் நேர் எதிர். அமிலம் சுரந்து உலோகத்தைக் கரைத்து, செடி அதிகமாக இழுக்க உதவும். கெட்ட மண்ணைச் செடி வைத்துச் சுத்தம் செய்கிறவர்களுக்கு அது வரம். ஆனா கீரை போட்டுச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு?

ஆக, செடி செழிப்பா இருக்கு என்பதை வைத்து ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. வாடின பயிரை யாரும் வாங்க மாட்டாங்க. உள்ளே உலோகத்தோட பசபசன்னு வளர்ந்த பயிர்தான் தட்டுக்கு வரும்.

மாமாவை பாட்டில் லேபிளைப் படிக்கச் சொன்னேன். சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். வாடல், வேரழுகல் நோய்க்கு நம்ம விவசாயிகள் ரொம்ப நாளா போடுவதுதான். நோய்க்கு நல்லது. ஆனா பேர் ஒண்ணா இருந்தாலும் ரகத்துக்கு ரகம் குணம் மாறும். குரோமியம் பற்றி அந்த லேபிளில் ஒரு வரிகூட இல்லை.

அவருக்குச் சொன்னது இதுதான். முதலில் கிணற்றுத் தண்ணியையும் மண்ணையும் சோதிங்க. மொத்தக் குரோமியம், ஆறாம் வகை, ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. கழிவு கலந்த தண்ணியையே பாய்ச்சிக்கிட்டு பாக்டீரியா விடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணி பிடிக்கிற வேலை. தோல் கழிவோட வரும் உப்பை எந்தப் பாக்டீரியாவும் எடுக்காது. தொழு உரம் தாராளமாப் போடுங்க. ஆறாம் வகையை மாற்ற அதுவும் உதவும், மண்ணில் ஏற்கனவே இருக்கும் பாக்டீரியாவுக்கும் அதுதான் சாப்பாடு. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கும் என்பதால் முள்ளங்கி, கேரட் இப்போதைக்கு வேண்டாம். அதுக்கப்புறமும் பாட்டில் வாங்கினா, ஒரு பாத்தியில் விட்டு, பக்கத்துப் பாத்தியில் விடாமல், ரெண்டிலும் சாப்பிடுகிற பகுதியை லேப்ல கொடுத்துப் பாருங்க.

"இவ்வளவு இருக்கா?" என்றார். பாட்டில் இன்னும் கடையில்தான் இருக்கு. கிணற்றுத் தண்ணி மட்டும் ஒரு கேனில் ஏறி சோதனைக்குப் போயிருக்கு.