ஊர் ஊராய்ப் போகும் கோஷ்டி

செங்கற்பட்டில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, அவருடைய பிள்ளைகள் நம்மைப் பிடித்து உட்கார வைத்து ஒரு படம் காட்டினார்கள். 'அயர்ன் மெய்டன்: ஃப்ளைட் 666' என்பது அதன் பெயர், 2009-ல் வெளிவந்தது. 'ராக்' சங்கீதம் என்றால் காதைப் பொத்திக் கொள்ளும் ஜாதி நாம். ஆயினும் படம் முடியும் வரையில் எழுந்திருக்கவில்லை.

அயர்ன் மெய்டன், 1975-ல் லண்டனில் தோன்றிய கோஷ்டி. 2008 பிப்ரவரி 1-ந் தேதி மும்பையில் தொடங்கி, 45 நாட்களில் 23 கச்சேரிகள் செய்தார்கள். மேடையில் நிற்பவர்கள் ஆறு பேர்தான். ஆனால் அவர்களுடன் செல்லும் பரிவாரமோ பெரிது! பின்புறத்து ஆசனங்களைக் கழற்றிவிட்டு, ஆட்களையும் வாத்தியங்களையும் மேடைச் சாமான்களையும் ஒரே போயிங் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அந்த விமானத்தை ஓட்டியவர் யார் தெரியுமா? பாடகர் புரூஸ் டிக்கின்ஸனேதான்!

ஸாம் டன், ஸ்காட் மக்ஃபேடியன் என்னும் கனடா தேசத்து டைரக்டர்கள் இருவர் கூடவே பறந்து இதைப் படம் பிடித்தார்கள். கச்சேரியை விட அதன் முன்னும் பின்னும் நடப்பவைதான் நம் மனத்தைக் கவர்ந்தன: பிரயாணக் களைப்பு, தூக்கமின்மை, பெட்டி சுமப்பவர்களின் பாடு. கொலம்பியாவில் ஒரு ரசிகர், மேளக்குச்சி ஒன்று கையில் கிடைத்ததும் தேம்பித் தேம்பி அழுகிறார். அந்தக் கண்ணீருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை.

மறுநாள் மாமல்லபுரம் சென்றுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இரவில் திரும்பினோம். வழியில் ஒரு கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. ஹார்மோனியமும் முகவீணையும் மிருதங்கமும் முழங்கிக் கொண்டிருந்தன. திரைக்குப் பின்னால், துரியோதனன் வேஷக்காரர் தம் முகத்துக்குத் தாமே வர்ணம் பூசிக் கொண்டிருந்தார். அருகில் மரத்தாலான கிரீடமும் புஜகீர்த்தியும் இருந்தன.

கிரீடம் தம் தகப்பனாருடையது என்றார். அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டோம். ஊரில் கிழவர்கள் இன்னும் சொல்வதுண்டாம். ஆனால் படம் எதுவும் கிடையாதாம், ஒரு போட்டோகூட. சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துக் கொண்டார்.

படுகளமும் தீமிதியும் முடிந்தால் இந்தக் கோஷ்டியும் பெட்டி கட்டி அடுத்த ஊருக்குப் புறப்படும். இவர்களுக்கு விமானம் இல்லை; வேன்தான். விழித்த கண்களும், பெட்டி சுமக்கும் பாடும், விடியும் வரை உட்கார்ந்திருக்கும் ரசிகர்களும் இங்கேயும் உண்டு.

இந்நாளில் படம் பிடிக்கும் கருவி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் ஒரு பருவம் முழுவதும் அந்த வேனில் கூடவே போய் வரட்டுமே! இந்தத் துரியோதனனின் ஆட்டத்தையாவது அவருடைய பேரப் பிள்ளைகள் பார்க்கலாம்.