இலக்கணம் சொல்லித் தராத ஆங்கில வகுப்பு

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகள் பற்றி வெளிநாடுகளில் எழுதப்படும் நூல்களில் பெங்களூரின் பெயர் தவறாமல் இடம் பெறுகிறது. கம்ப்யூட்டருக்காக அல்ல. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடந்த ஒரு சோதனைக்காக. "பெங்களூர் திட்டம்" என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சென்னை, கடலூர் பள்ளிகளிலும் இந்த வகுப்புகள் நடந்தன என்றாலும் பெயரைத் தட்டிக்கொண்டு போனது பெங்களூர்தான். உள்ளூரில்தான் அதைப் பற்றிப் பேச்சே இல்லை!

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்த என்.எஸ்.பிரபு இத்திட்டத்தை முன்னின்று நடத்தினார். பெங்களூரில் 1963-ல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வட்டார ஆங்கிலக் கல்வி நிலையம் துணை நின்றது.

அதுவரை நம் உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படி நடந்தது? ஆசிரியர் பேனாவைத் தூக்கிக் காட்டி "இது ஒரு பேனா" என்பார். வகுப்பே கோரஸாக அதைத் திருப்பிச் சொல்லும். இன்று ஒரு வாக்கிய அமைப்பு, நாளை அடுத்த அமைப்பு என்று படிப்படியாக அடுக்கிய பாடத்திட்டம். இதைப் பரப்புவதற்காக அன்றைய சென்னை மாநிலத்தில் 1950-களின் இறுதியில் ஒரு பெரிய இயக்கமே நடந்தது. பயிற்சி பெற்றவர் மற்றவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இப்படியே 27,000 ஆசிரியர்களை எட்டுவது நோக்கம். உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பனியே விழாத சென்னைக்கு இப்படியொரு பெயர்!

பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை. வகுப்பில் பிழையில்லாமல் வாக்கியம் சொன்ன பிள்ளை, வெளியே நாலு வார்த்தை பேச நேர்ந்தால் விழித்தது.

கேள்வியில் மூழ்கிய பிள்ளைகள்

பிரபு வேறு விதமாக யோசித்தார். ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதிலும் புரிய வைப்பதிலும் மனம் முழுதாக ஈடுபடும்போது, இலக்கணம் தானாகவே உள்ளே படியும் என்பது அவர் கருத்து. எனவே இலக்கணப் பாடமும் இல்லை, வழக்கமான பாடப் புத்தகமும் இல்லை. வரைபடம், காலண்டர், பள்ளி நேர அட்டவணை, ரயில் கால அட்டவணை ஆகியவைதான் பாடம்.

உதாரணமாக, சென்னையிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக பெங்களூர் வரும் ஒரு ரயிலின் நேரங்களை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? காட்பாடியில் எவ்வளவு நேரம் நிற்கிறது? பகல் 12 மணிக்கு பெங்களூரில் வேலை உள்ளவர் இதில் வரலாமா? முதலில் வகுப்பு முழுவதும் சேர்ந்து, ஆங்கிலத்திலேயே கேட்டு ஆங்கிலத்திலேயே விடை காணும். பிறகு வேறொரு ரயிலைக் கொடுத்து, அவரவரே விடை எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது பாதிக் கேள்விகளுக்காவது சரியாக விடை எழுதிவிட்டால் கணக்கு சரி. இல்லாவிட்டால் அடுத்த நாள் சற்று எளிதான வேலை.

பிள்ளை தப்பாகப் பேசினால் ஆசிரியர் நிறுத்தி விளக்கம் சொல்வதில்லை. சரியான வடிவத்தைத் தாம் சொல்லிவிட்டு மேலே போவார். தாய்மொழியில் ஒரு வார்த்தை வந்துவிட்டாலும் தண்டனை கிடையாது. குழுக்களாகப் பிரித்துப் பேச விடும் வழக்கத்தை மட்டும் பிரபு வேண்டுமென்றே தவிர்த்தார். அரைகுறை ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்ளும் என்பது அவருடைய கவலை.

தேர்வு என்ன சொன்னது?

திட்டம் முடியும் தறுவாயில் எடின்பரோவைச் சேர்ந்த ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் இருவரும் சோதித்துப் பார்த்து, 1985-ல் முடிவை வெளியிட்டனர். இலக்கண அமைப்புகளை நேரடியாகக் கேட்ட தேர்வில் பழைய முறை வகுப்புகள் முந்தின. படித்துப் புரிந்து வேலை செய்யும் தேர்வில் பிரபுவின் வகுப்புகள் முந்தின. யார் எதைப் படித்தார்களோ அதில் அவர்கள் தேறினார்கள் என்று இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இலக்கணமே நடத்தாத பிள்ளைகள், சூழ்நிலையோடு சேர்த்துக் கேட்ட இலக்கணக் கேள்விகளிலும் நன்றாகவே எழுதியிருந்தனர். அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

அப்படியானால் முறை ஏன் பரவவில்லை? பிள்ளைகளால் அல்ல, ஆசிரியர்களால்தான் சிக்கல். திட்டத்தில் பாடம் நடத்தியவர்களில் சிலர் ஆசிரியர்களுக்கே பயிற்சி தருபவர்கள். சிலர் சாதாரணப் பள்ளி ஆசிரியர்கள். முதல் வகையினர் எளிதில் சமாளித்தார்கள். மற்றவர்களில் பலருக்கு முறை கடைசி வரை கைவரவில்லை என்று 1990-ல் பெரெட்டா எழுதினார்.

அவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. பாடப் புத்தகம் ஆசிரியருக்கு ஊன்றுகோல். அதைப் பிடுங்கிக்கொண்டு, பிள்ளை எதைக் கேட்டாலும் அந்தக் கணமே ஆங்கிலத்தில் பதில் சொல் என்றால், கோரஸாகவே ஆங்கிலம் கற்றுவந்த ஒருவர் என்ன செய்வார்? ஆண்டு இறுதியில் வரும் பொதுத் தேர்வும் ரயில் அட்டவணையைக் கேட்கப்போவதில்லை. 1990-ல் பிரபுவே எழுதிய ஒரு கட்டுரையில், எல்லோருக்கும் ஏற்ற சிறந்த முறை என ஒன்று இல்லை. தான் செய்வது பலன் தரும் என்று ஆசிரியருக்கே மனதில் பட வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தினார்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழங்கதை அல்ல. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளை பெரும்பாலும் ஆங்கிலத்தை முதல் மொழியாக எடுக்கிறது. தமிழை முதல் மொழியாக எடுக்கும் பிள்ளைக்கோ அது இரண்டாம் மொழி. பாடப் புத்தகமும் வேறு, வினாத்தாளும் வேறு. வீட்டில் ஆங்கிலம் கேட்காத இந்தப் பிள்ளைக்கு, வாரத்தில் சில பீரியடுகள் மட்டுமே ஆங்கிலம் காதில் விழுகிறது. அந்த நேரமும் கேள்வி-பதிலை நெட்டுருப் போடுவதிலேயே போனால், வேலைக்கான நேர்முகத் தேர்வில் தடுமாறப்போவது அதுதான்.

1987-ல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பிரபுவின் நூலில், பிற்சேர்க்கையாக அந்த வகுப்புகளின் உரையாடல்கள் அப்படியே அச்சாகியுள்ளன. ஆசிரியர் கேட்டது, பிள்ளை தடுமாறிச் சொன்னது எல்லாம் அதில் உண்டு. வேலைகளின் பட்டியலும் இருக்கிறது. நடத்திப் பார்க்க நினைக்கும் ஆசிரியருக்குத் தேவைப்படுவது கரும்பலகையும் சாக்பீஸும்தான்.