சாய்ந்த மேஜையில் உருண்ட ஆலிவ்

மேஜை முன்னால் ஒருவன் வந்து உட்காருகிறான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஓர் ஆலிவ் காயை எடுத்து வைக்கிறான். காய் வைத்த இடத்தில் நிற்கவில்லை. மேஜை நெடுக உருண்டு போய், மறுகோடியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவர் மடியில் விழுகிறது. இன்னொன்றை வைக்கிறான். அதுவும் உருண்டு போகிறது. சரி, பாலையாவது குடிப்போம் என்று பிளாஸ்க்கைச் சரிக்கிறான். பால் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கொட்டுகிறது. மேஜையைப் பார்த்தால் மட்டமாகத்தான் இருக்கிறது. பின்னால் சுவரும் நேராகத்தான் நிற்கிறது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

1957 ஜனவரி 19, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் அரை மணி நேரம் ஓடிய நிகழ்ச்சியில் வந்தது இந்தக் காட்சி. யூஜின் என்ற அந்த அப்பாவியாக நடித்தவர் எர்னி கோவாக்ஸ்.

சூட்சுமம் இதுதான்: மேஜை, நாற்காலி, சுவர் எல்லாவற்றையும் ஒரு பக்கம் சரிவாகக் கட்டியிருந்தார்கள். கேமராவையும் அதே அளவுக்குச் சாய்த்து வைத்தார்கள். இரண்டு சாய்வும் ஒன்றையொன்று அடித்துவிட, வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் மட்டம். ஆலிவுக்கும் பாலுக்கும் மட்டும் உண்மை தெரியும். இதே காட்சியை நாடக மேடையில் நடத்தினால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். சரிவு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நடுவில் ஒரு கேமரா இருந்தால்தான் இந்தச் சிரிப்பே பிறக்கும். கோவாக்ஸின் மேதைமை முழுவதும் இந்த ஒரு மேஜையில் இருக்கிறது.

அந்நாளைய மற்ற நகைச்சுவைக் கலைஞர்களும் சாமானியர்கள் அல்லர். 1948இல் 'டெக்ஸகோ ஸ்டார் தியேட்டர்' நிகழ்ச்சியோடு வந்த மில்டன் பெர்ல், பெண் வேஷமும் குட்டிக்கரணமும் அடிதடியுமாகச் செவ்வாய்க்கிழமை இரவுகளைத் தன் வசமாக்கிக்கொண்டார். 1950 முதல் 1954 வரை ஓடிய 'யுவர் ஷோ ஆஃப் ஷோஸ்' நிகழ்ச்சியில் சிட் சீசர், சனிக்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் நேரலையில் நின்றார். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளின் ஓசையை மட்டும் பிடித்துக்கொண்டு, அர்த்தமே இல்லாத சொற்களை அவர் அருவியாகக் கொட்டினால், அந்த மொழிகளை அறிந்தவர்களே ஒரு கணம் ஏமாந்துபோவார்கள். 1951 அக்டோபரில் வந்த 'ஐ லவ் லூசி'யில் லூசில் பால் தன் முகத்தையும் உடம்பையும் வைத்துச் செய்த வித்தைக்கு இன்றுவரை ஈடில்லை.

ஆனால் இவர்கள் மூவரும் எதிரில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் கூட்டத்துக்காகவே நடித்தார்கள். மேடைக் கலையின் உச்சம் அது. கேமரா அதைப் படம்பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான். அந்தக் கேமராவையே சிரிக்க வைக்கும் கருவியாக முதலில் முழுமையாகக் கையில் எடுத்தவர் கோவாக்ஸ்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் நகரில், ஹங்கேரியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1919 ஜனவரி 23 அன்று பிறந்தவர் அவர். நியூயார்க்கில் நடிப்புப் படித்துக்கொண்டிருந்த இளைஞனை நிமோனியாவும் நுரையீரல் உறைக் காய்ச்சலும் சேர்ந்து படுக்கையில் தள்ளின. ஆஸ்பத்திரியில் ஒன்றரை ஆண்டு. ரேடியோவில் வந்த மேற்கத்தியச் செவ்வியல் இசைதான் அங்கே பெரிய துணை. பக்கத்துக் கட்டில்காரர்களைச் சிரிக்க வைத்தே பொழுதைக் கழித்தார். அந்த இசையும் அந்தச் சிரிப்பும் பிற்பாடு ஒன்றாக வந்து சேரப்போகின்றன.

ஊர் திரும்பி ரேடியோ அறிவிப்பாளராகவும் பத்திரிகைப் பத்தி எழுத்தாளராகவும் சில காலம் ஓடியது. 1950இல் பிலடெல்பியாவின் டபிள்யூ.பி.டி.இசட். நிலையம் அவரை எடுத்துக்கொண்டது. முதல் வேலைகளில் ஒன்று சமையல் நிகழ்ச்சி. அந்த ஆண்டு நவம்பரில் காலை நேரத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். பல்துலக்கி, காபி குடித்து, வேலைக்கு ஓடுகிற நேரத்தில் யார் தொலைக்காட்சி பார்ப்பார்கள் என்று எல்லோரும் நினைத்த காலம். 'த்ரீ டு கெட் ரெடி' என்ற அந்த நிகழ்ச்சிக்குப் பணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. மணி சொல்ல வேண்டும், வானிலை சொல்ல வேண்டும், இடையில் இசைத்தட்டு போட வேண்டும். மீதி நேரத்தை அவர் கைக்குக் கிடைத்த சாமானை வைத்து நிரப்பினார்.

பிலடெல்பியாவில் காலையில் மக்கள் பார்த்தார்கள். 1952 ஜனவரியில் என்.பி.சி. நாடு முழுக்க 'டுடே' என்ற காலை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அதற்கு இடம் விடுவதற்காக, சில வாரங்களிலேயே கோவாக்ஸின் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. வழியைப் போட்டவரையே ஓரம் கட்டிய இந்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறாது.

அந்தக் காசில்லாத ஸ்டூடியோதான் அவருடைய பள்ளிக்கூடம். கண்ணாடிகளைப் பொருத்திய ஒரு டப்பாவை லென்ஸின் முன்னால் மாட்டி, படத்தைத் தலைகீழாகப் புரட்ட ஒரு பொறியாளர் அவருக்கு வழி செய்து தந்தார். கூரையில் நடப்பதுபோலக் காட்ட அது போதுமானதாக இருந்தது. பிறகு, கறுப்பு என்ற நிறத்தை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு கேமராக்களின் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால், ஒன்றில் கறுப்பாக உள்ள இடத்தில் மற்றதன் படம் தெரியும். உதவி நடிகை பார்பரா லோடனின் பின்னந்தலையில் கறுப்பு ஒட்டொன்றை வைத்து ஒரு கேமரா. தன் கண்ணை மட்டும் காட்டி இன்னொரு கேமரா. இரண்டையும் சேர்த்ததும், அந்தப் பெண்ணின் தலைக்குள் துளை போட்டு அவர் எட்டிப் பார்ப்பதுபோல வீட்டுத் திரையில் விழுந்தது. இன்று கைபேசியில் குழந்தை கூடச் செய்கிற வேலை. அன்று அதை நேரலையில், ஒத்திகைக்குக்கூட நேரமில்லாமல் செய்தார்கள். (அந்த பார்பரா லோடன்தான் 1970இல் 'வாண்டா' என்ற அருமையான படத்தை இயக்கியவர்.)

எதிரே ரசிகர்களை உட்கார வைப்பது கோவாக்ஸுக்குப் பிடிக்காது. பதிவு செய்த சிரிப்பொலியும் ஆகாது. ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கறுப்பு ஒட்டுதான் தெரியும், துளை தெரியாது. அவருடைய நகைச்சுவை முழுமையாகக் கிடைப்பது வீட்டில் இருப்பவருக்குத்தான். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் தொழிலாளிகள் தங்களை மறந்து சிரிப்பார்களே, அந்தச் சத்தம் மட்டும் எப்போதாவது கேட்கும். எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தராத அந்த அமைதியில்தான் பார்ப்பவர் தானாகக் கண்டுபிடித்துச் சிரிக்கிறார். இத்தனை மரியாதையைத் தொலைக்காட்சி தன் ரசிகருக்கு அபூர்வமாகவே கொடுத்திருக்கிறது.

அவர் படைத்த பாத்திரங்கள் பல. தடித்த கண்ணாடியும் கையில் மதுக் கோப்பையுமாக அபத்தக் கவிதை படிக்கும் பெர்சி டவ்டான்சில்ஸ் அவற்றில் பெரும்புகழ் பெற்றது. குழைந்த பேச்சையும் பெண்மைச் சாயலையும் கேலிப்பொருளாக்கும் அந்த வேஷம் இன்றைய கண்ணுக்கு உறுத்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உறுத்தாமல் நிற்பது 'நைரோபி ட்ரியோ'. மேல்கோட்டும் தொப்பியும் அணிந்த மூன்று கொரில்லாக்கள். ஒன்று பியானோ வாசிக்கும். நடுவில் சுருட்டுப் பிடித்தபடி நிற்பது இசையை நடத்தும். அது பெரும்பாலும் கோவாக்ஸ்தான். மூன்றாவதின் கையில் தட்டும் குச்சிகள். பொம்மைப் பெட்டியிலிருந்து வருவதுபோன்ற மெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். தாளத்தில் ஒரு குறிப்பிட்ட இடம் வரும்போது, மூன்றாவது கொரில்லா நடுவில் இருப்பதன் தலையில் டக் டக்கென்று தட்டும். அது மெல்லத் திரும்பிப் பார்க்கும். தட்டியது ஒன்றும் தெரியாததுபோல நிற்கும். மறுபடி மெட்டு, மறுபடி அதே இடம். அடி வரப்போகிறது என்று நமக்குத் தெரியும், அதற்கும் தெரியும். முகமூடிக்குள் ஒளிந்திருந்தும், கழுத்தின் ஒரு திருப்பத்திலேயே கோபம், சந்தேகம், பொறுமை எல்லாவற்றையும் கோவாக்ஸ் காட்டிவிடுவார்.

பியானோ முன்னால் உட்கார்ந்த கொரில்லா பல தடவை ஈடி ஆடம்ஸ். ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பயின்ற பாடகி. 1951இல் பிலடெல்பியா நிகழ்ச்சியில் பாட வந்தவர், 1954இல் கோவாக்ஸை மணந்தார். இந்தக் கதையின் பின்பாதி அவருடையது.

ஆலிவ் உருண்ட அந்த இரவுக்கு வருவோம். நகைச்சுவைக் கூட்டாளி டீன் மார்ட்டினைப் பிரிந்த ஜெர்ரி லூயிஸுக்கு என்.பி.சி. ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கியிருந்தது. அவர் தனக்கு ஒரு மணி நேரம் போதும் என்றுவிட்டார். நாடே பேசிக்கொண்டிருந்த நட்சத்திரத்துக்கு அடுத்தபடியாக மேடையேற யார் துணிவார்கள்? மிஞ்சிய அரை மணி நேரத்தை ஏற்றுக்கொண்ட கோவாக்ஸ், லூயிஸ் பாடிப் பேசி முடித்த கையோடு வசனமே இல்லாத நிகழ்ச்சியைக் கொடுத்தார். மறுநாள் பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான். மூன்று மாதத்தில் 'லைஃப்' பத்திரிகையின் அட்டைப்படம் அவர். ஹாலிவுட் கூப்பிட்டது. அந்த ஆண்டிலேயே, தொலைக்காட்சித் தொழிலை வைத்து 'ஜூமார்' என்ற நாவலையும் எழுதினார்.

1961இல் ஏ.பி.சி.யில் மாதம் ஒன்றாக வந்த அரை மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சிகள் அவருடைய கடைசிப் படைப்புகள், சிறந்தவையும் அவையே. வீடியோ டேப் வந்துவிட்டதால், நேரலையில் முடியாததையெல்லாம் வெட்டி ஒட்டிச் செய்ய முடிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்ட இசை இங்கே வந்து சேர்ந்தது. சைகோவ்ஸ்கியின் '1812' இசைக்கோவை முழங்க, அதன் தாளத்துக்கு செலரித் தண்டுகள் முறிகின்றன, மேஜை இழுப்பறைகள் படார் படாரென்று மூடுகின்றன. யூஜின் மறுபடி வந்தான். புத்தகத்தைத் திறந்தால் உள்ளிருந்து சத்தம் வருகிறது, காசநோய்க் கதாநாயகியின் கதையான 'கமில்' புத்தகத்திலிருந்து இருமல். இன்னொன்றில், கார் விற்பவர் ஒருவர் வண்டியின் உறுதியை மெச்சிக்கொண்டே அதன்மேல் ஒரு தட்டு தட்டுகிறார். கார் தரையைப் பிளந்துகொண்டு மறைந்துவிடுகிறது. சில விநாடிச் சிரிப்பு. அதற்கு ஆன செலவு 12,000 டாலர் என்று சொல்வார்கள்.

செலவைத் தாங்கியது 'டச் மாஸ்டர்ஸ்' சுருட்டுக் கம்பெனி. எந்நேரமும் வாயில் சுருட்டோடு இருப்பவருக்குப் பொருத்தமான விளம்பரதாரர். அந்த விளம்பரங்களையும் அவரே பேச்சில்லாமல் எடுத்தார். நிகழ்ச்சி எங்கே முடிந்தது, விளம்பரம் எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1962 ஜனவரி 13, அதிகாலை. மில்டன் பெர்ல் தம்பதிக்காக இயக்குநர் பில்லி வைல்டர் கொடுத்த விருந்து முடிந்து, கணவனும் மனைவியும் தனித்தனிக் காரில் கிளம்பினார்கள். மழையில் நனைந்த சாலையில் கோவாக்ஸின் கார் வழுக்கிக் கம்பத்தில் மோதியது. வயது 42. ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த கடைசி நிகழ்ச்சி பத்து நாள் கழித்து, அவருடைய பிறந்த நாளன்று ஒளிபரப்பானது. அந்த ஆண்டு எம்மி விருது அவருடைய பெயருக்கு வந்தது. நடிப்புக்காக அல்ல, கேமரா வேலைக்காக.

மூன்று பெண் குழந்தைகளோடு ஈடிக்கு வந்து சேர்ந்தது கடன். சம்பாதித்ததையெல்லாம் நிகழ்ச்சிக்கும் சீட்டாட்டத்துக்கும் இறைத்தவர் கோவாக்ஸ்; வருமான வரி பெரும் பாக்கி. ஜாக் லெமன், ஃபிராங்க் சினாட்ரா போன்ற நண்பர்கள் நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி நடத்த முன்வந்தார்கள். ஈடி வேண்டாம் என்றார். கேளிக்கை விடுதிகளில் பாடினார், படங்களில் நடித்தார், 'மியூரியல்' சுருட்டு விளம்பரத்தில் ஆண்டுக்கணக்கில் தோன்றினார். ஒவ்வொரு காசாகக் கடனை அடைத்தார்.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் செய்தார். அந்நாளில் வீடியோ டேப் விலை அதிகம். ஒரு முறை ஒளிபரப்பானதை அழித்து, அதே டேப்பில் வேறொன்றைப் பதிவார்கள். லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும் தொடக்கத்திலேயே ஃபிலிமில் எடுத்து, உரிமையையும் தங்களிடமே வைத்துக்கொண்டதால் லூசி பிழைத்தாள். கோவாக்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கணவரின் நிகழ்ச்சிகள் அழிந்துகொண்டிருப்பதை அறிந்த ஈடி, எஞ்சியவற்றைத் தன் சொந்தப் பணத்தில் விலைக்கு வாங்கினார். 1977இல் பொதுத் தொலைக்காட்சியில் அவற்றின் தொகுப்பு வந்தபோது, கோவாக்ஸ் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகள் அவரை முதன்முதலாகப் பார்த்தார்கள். கோவாக்ஸ் வேலை பார்த்த டூமான்ட் தொலைக்காட்சி நிறுவனத்தின் பதிவுகள் லாரி லாரியாக நியூயார்க் விரிகுடாவில் கொட்டப்பட்டதை, 1996இல் தொலைக்காட்சிப் பாதுகாப்பு பற்றிய விசாரணையில் ஈடி எடுத்துச் சொன்னார். 2008இல் அவர் காலமானார். அவர் சேர்த்து வைத்த தொகுப்பு 2015 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது.

1957ஆம் ஆண்டின் அந்த மௌன நிகழ்ச்சியும் பிழைத்திருக்கிறது. அன்றிரவு அது வண்ணத்தில் ஒளிபரப்பானது. இன்று நமக்குக் கிடைப்பது, திரையில் ஓடியதைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படம்பிடித்து வைத்த பிரதி. ஆலிவ் சாம்பல் நிறத்தில்தான் உருள்கிறது.