பதினாறரை மில்லிமீட்டர் சமரசம்

சிறுவண்டிச் சரித்திரம் – 5

1891-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் மார்க்லின் கம்பெனியார், தண்டவாளங்களின் இடைவெளியைத் தரப்படுத்தி, இன்ன அளவுப் பாதையில் இன்ன அளவு வண்டி ஓடும் என்று உறுதி கூறி விற்கத் தொடங்கியதோடு, பொம்மை ரயில் தனக்கென்று ஒரு சாஸ்திரத்தைப் பெற்றுவிட்டது என்பதைச் சென்ற வாரம் கண்டோம். அந்தச் சாஸ்திரம் குழந்தைகளின் விளையாட்டறையை விட்டுப் பெரியவர்களின் மேஜைமீது ஏறியபோது அதற்குள் ஒரு பொய்யும் புகுந்துகொண்டது. அதைச் சகித்துக்கொண்டவர்கள், பாதி மட்டும் திருத்தியவர்கள், முழுவதும் களைந்தாலன்றி உறக்கம் கொள்ளமாட்டோம் என்று எஞ்சினின் சக்கரங்களைக் கழற்றி மாற்றியவர்கள் என்று மாதிரி ரயில் கட்டும் அன்பர்கள் இங்கிலாந்தில் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்ற கதையே இந்த வாரத்து விஷயம்.

முதல் உலக யுத்தம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1922-ல், நியூரம்பர்க் நகரத்துப் பிங் கம்பெனி தயாரித்து, நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த பாஸெட்-லோக் மூலம் இங்கிலாந்தில் விற்பனையான ‘டேபிள் ரயில்வே’ என்னும் சிறு ரயிலின் பாதை பதினாறரை மில்லிமீட்டர் அகலம் உடையது. அதுவரை வீட்டு ரயில்களில் சாதாரணமாக வழங்கிவந்த 32 மில்லிமீட்டர்ப் பாதையில் இது ஏறத்தாழப் பாதி. சாப்பாட்டு மேஜையின்மீதே ஒரு முழு ரயில்பாதையை விரித்துவிடலாம் என்பது அதன் பெரும் சௌகரியம். அந்தப் பாதைக்குப் பொருத்தமான விகிதம் ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர், அதாவது 87-ல் ஒரு பங்கு. ஐரோப்பாக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் அவ்வாறே கைக்கொண்டார்கள். இங்கிலாந்தில் மட்டும் அது செல்லவில்லை. பாலங்களையும் குகைப்பாதைகளையும் முன்னோர்கள் குறுகலாகக் கட்டிவிட்டபடியால் பிரிட்டிஷ் எஞ்சின்கள் கண்டத்து எஞ்சின்களைவிட ஒல்லியானவை. 87-ல் ஒரு பங்காக அவற்றைச் சுருக்கினால் அக்காலத்து மின்மோட்டார் உள்ளே நுழையவில்லை. ஹென்றி கிரீன்லி முதலிய நிபுணர்கள் இதற்கு ஒரு யுக்தி சொன்னார்கள்: பாதை பதினாறரையாகவே இருக்கட்டும், வண்டியின் உடலை மட்டும் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்று சற்றுப் பெருக்கிக்கொள்வோம். இவ்விதம் பிறந்ததுதான் ‘டபிள் ஓ’ என்று இன்றும் வழங்கும் பிரிட்டிஷ் அளவு.

யுக்தி பலித்தது, ஆனால் கணக்கு இடித்தது. நிஜ ரயில்பாதையின் அகலமாகிய 4 அடி எட்டரை அங்குலத்தை அடிக்கு நான்கு மில்லிமீட்டர் வீதம் சுருக்கினால் 18.83 மில்லிமீட்டர் வரவேண்டும். இருப்பதோ பதினாறரை. குறைகின்ற இரண்டே கால் மில்லிமீட்டரும் சொச்சமும் நிஜ அளவில் ஏழு அங்குலத்துக்குச் சமம். பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. எஞ்சின் நேர் எதிரே வரும்போதுதான், பருத்த சரீரமுள்ள கனவான் ஒருவர் குழந்தையின் நடைவண்டிமேல் ஏறி நிற்பதுபோன்ற அந்த விகாரம் கண்ணில் உறுத்தும். இது ஆங்கிலேயருக்கு மட்டும் வாய்த்த சங்கடம் என்று நாம் நகைப்பதற்கில்லை. நம்முடைய பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.26 வரும். ஆகவே கடையில் கிடைக்கும் பதினாறரைப் பாதையில் நம் நாட்டு எஞ்சின் மாதிரியை ஓட்டுகிறவரும் அதே தோஷத்துக்கு, இன்னும் சற்று அதிகமாகவே, ஆளாகிறார்.

1938-ல் லிவர்பூலைச் சேர்ந்த மெக்கானோ கம்பெனி ‘ஹார்ன்பி டப்ளோ’ ரயில்களை வெளியிட்டபோது இந்தச் சமரசம் கடைச்சரக்காகி நாடெங்கும் வேரூன்றிவிட்டது. அந்த வண்டிகளில் மற்றொரு விசேஷமும் இருந்தது. மின்சாரம் நடுவில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தின் வழியாக எஞ்சினுக்குள் ஏறி, சக்கரங்களின் வழியே பக்கத்துத் தண்டவாளங்களில் இறங்கும். பாதை வளைந்து தன்னோடு தானே வந்து சேர்ந்தாலும் மின்சாரம் குறுக்கே பாய்ந்து விபரீதம் விளைவிக்காது என்பது இதன் லாபம். எந்த நிஜ ஸ்டேஷனிலும் நீராவி எஞ்சினுக்கு நடுவே இப்படியொரு கம்பி ஓடுவதில்லை என்பது இதன் நஷ்டம். 1959-ல் கம்பெனியே இரட்டைத் தண்டவாள முறைக்கு வந்து சேருமுன், பொறுமையிழந்த அன்பர்கள் தாமே அந்த எஞ்சின்களைத் திருத்த முற்பட்டார்கள்: நடுக்கம்பியைத் தடவிச்செல்லும் உலோகத் தகட்டை அகற்றி, ஒரு பக்கத்துச் சக்கரங்களுக்குப் பதிலாக மின்சாரம் கடவாத சக்கரங்களைப் பொருத்தி, இரு தண்டவாளங்களையும் தனித்தனித் துருவங்களாக்கினார்கள். கடையில் வாங்கிய எஞ்சின் என்பது முடிந்த பொருள் அல்ல, கச்சாப்பொருள்தான் என்கிற மனோபாவத்தை அவர்களுக்கு வளர்த்ததில் இந்த வேலைக்கு நிச்சயமாகப் பங்குண்டு.

அந்த மனோபாவத்தின் அடுத்த படிதான் பாதையையே அகலப்படுத்துவது. 18 மில்லிமீட்டர் போதும், கண்ணின் உறுத்தல் தீர்ந்துவிடும் என்றவர்கள் ‘ஈ.எம்.’ கட்சியார், பிற்பாடு அதையும் 18.2 ஆக்கிக்கொண்டார்கள். 1960-களில் தோன்றிய ‘புரோட்டோஃபோர்’ கட்சியாரோ, 18.83-க்கு மயிரிழையும் குறையக்கூடாது, சக்கரத்தின் விளிம்பும் நிஜத்தின் விகிதத்திலேயே மெலிந்திருக்க வேண்டும் என்று விரதம் பூண்டார்கள். எந்தக் கட்சியில் சேர்ந்தாலும், கடை எஞ்சினை அங்கே அழைத்துப்போக ஒரு சடங்கு உண்டு. சிறிய ஆறு சக்கர ஷண்டிங் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்ப்போம்.

முதலில் உடலைத் தாங்கும் திருகுகளைக் கழற்றி மேற்கூட்டைத் தனியே வைக்க வேண்டும். பிறகு அடித்தட்டை எடுத்தால் மூன்று அச்சுகளும் சக்கரங்களோடு கையில் வந்துவிடும். சக்கர ஜோடியின் உட்புறங்களுக்கு இடையேயுள்ள தூரம் கடை எஞ்சினில் சுமார் பதினாலரை மில்லிமீட்டர், ஈ.எம். பாதைக்கு அது பதினாறரை ஆக வேண்டும். ஆகவே நீண்ட புது அச்சில் புதுச் சக்கரங்களைப் பித்தளை அளவுக்கட்டை ஒன்றை இடையே கொடுத்து அழுத்திப் பொருத்துகிறார்கள். சக்கரங்கள் வெளியே நகர்ந்துவிட்டமையால் உட்கூட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் காலியிடம் உண்டாகும். மெல்லிய வாஷர்களால் அதை நிரப்பாவிட்டால் எஞ்சின் நண்டு நடை நடக்கும். மேற்கூட்டின் உட்புறத்தில், சக்கரத்தின் தலையை மறைக்கும் வளைவுகளை அரத்தால் தேய்த்து மெலிதாக்க வேண்டும். சக்கரங்களை உரசி மின்சாரம் எடுக்கும் வெண்கலக் கம்பிகளையும், கண்ணுக்கழகாகத் தொங்கும் பிரேக் கட்டைகளையும் அதே அளவு வெளியே தள்ள வேண்டும். ஒன்றை அசைத்தால் மற்றொன்று அசைகிறது. அசைந்தவை எல்லாம் பழையபடி ஒன்றுக்கொன்று இசைந்தால்தான் வண்டி நகரும்.

இத்தனையிலும் கைதேர்ந்தவரையும் மூச்சடக்க வைக்கும் கட்டம் ஒன்றுண்டு. நிஜ நீராவி எஞ்சினில், தண்டு மாட்டுவதற்காக வலப்பக்கத்துச் சக்கரத்தில் உள்ள முளையும் இடப்பக்கத்துச் சக்கரத்தில் உள்ள முளையும் ஒன்றுக்கொன்று தொண்ணூறு டிகிரி விலகியிருக்கும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் தன் ஓட்டத்தின் எல்லையில் வலுவிழந்து நிற்கும் கணத்தில் மறுபக்கத்துப் பிஸ்டன் முழுபலத்தோடு தள்ளவேண்டும் என்பது அதற்குக் காரணம். மாதிரி எஞ்சினில் பிஸ்டன் வெறும் அலங்காரம்; மோட்டார் ஓர் அச்சைத்தான் சுழற்றுகிறது. ஆயினும் அந்தச் சுழற்சியை மற்ற அச்சுகளுக்கு இணைப்புத் தண்டுகள் கொண்டுசெல்கிற எஞ்சினில் இந்தக் கோண விவகாரத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இங்கேதான் ஒரு விநோதம். கோணம் தொண்ணூறுக்குப் பதிலாக எண்பத்தெட்டாக இருந்தாலும் வண்டி தடையின்றி ஓடும், மூன்று அச்சுகளிலும் அதே எண்பத்தெட்டாக இருக்கும் பட்சத்தில். இரண்டு அச்சுகள் அப்பழுக்கற்ற தொண்ணூறாக இருந்து மூன்றாவது மட்டும் இரண்டு டிகிரி விலகினால் தண்டுகள் இறுகி, எஞ்சின் நொண்டும். தனித்தனியே சரியாக இருப்பதைக் காட்டிலும், எல்லாம் ஒரே விதமாகத் தவறியிருப்பதையே இயந்திரம் மன்னிக்கிறது. இதை நான் ஒரு யந்திர நுட்பமாக மட்டும் எண்ணவில்லை. இந்தக் கலை முழுமைக்கும் இதுவே சூத்திரம் என்று தோன்றுகிறது.

ஒரு பொய் இடம்பெயர்ந்து உண்மையாகிவிடும் வேடிக்கையும் இதில் உண்டு. ‘என்’ கேஜ் என்னும் ஒன்பது மில்லிமீட்டர்ப் பாதைக்கு, 148-ல் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பிரிட்டிஷ் வண்டிகளும் டபிள் ஓ-வைப்போலவே பாதைக்கு மீறிய பெரிய உடல் படைத்தவை. அதே சக்கரத் தொகுதியை எடுத்து, அதன்மேல் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் விகிதத்தில் ஒரு குறும்பாதை எஞ்சினின் உடலைக் கட்டி உட்காரவைத்தால், ஒன்பது மில்லிமீட்டர் என்பது இரண்டேகால் அடி ஆகிறது. வேல்ஸ் மலைப்புறத்தில் கற்பலகை சுமப்பதற்காகத் தோன்றி, 1951 முதல் ரயில் அன்பர்களாலேயே பேணி ஓட்டப்பட்டுவரும் டாலிலின் ரயில்வேயின் அகலமும் சரியாக அதுவே. சிறிய வண்டியில் தோஷமாயிருந்த அளவு, பெரிய வண்டியின் காலடியில் இம்மியும் பிசகாத சத்தியமாகிவிடுகிறது.

எஞ்சினைத் திருத்தியபின் அது ஓடுவதற்கு ஓர் உலகம் வேண்டுமல்லவா? ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்திலுள்ள பெண்டன் மியூசியத்தில் அத்தகைய உலகங்கள் இரண்டை அருகருகே காணலாம். 1925-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்ற இளைஞர், ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ என்று பெயர்பெற்ற அப்பிரதேசத்தின் கூரை வேய்ந்த பழங்குடிசைகள் கண்முன்னே அழிவதையும் உருக்குலைவதையும் கண்டு மனம் பொறாமல், அவற்றை மாதிரிகளாகவேனும் காப்பாற்றத் துணிந்தார். அவர் தொடங்கி, தொண்டர்கள் தொடர்ந்து கட்டிய பெண்டன் கிராமத்தில், அட்டையில் செங்கல் வரிசைகளைக் கீறி, நீர்வர்ணத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் தனிச்சாயல் தீட்டியிருக்கிறார்கள். அவ்வளவு சத்தியசந்தர்களும் பாதை விஷயத்தில் 18 மில்லிமீட்டரோடு திருப்தியடைந்தார்கள்.

அதே கூரையின்கீழ் இருப்பது ஜான் ஆஹெர்ன் 1930-களின் பிற்பகுதியில் தம் வீட்டில் கட்டத் தொடங்கிய ‘மாடர் வேலி’ ரயில்வே. 1961-ல் அவர் காலமானபின் பெண்டனுக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கு பூகோளத்தில் இல்லை. அவருடைய கற்பனையில் உதித்தது. எங்கெங்கோ ஓடிய எஞ்சின்களில் தமக்குப் பிடித்தவற்றையெல்லாம் ஒரே பாதையில் கூட்டினார். அவற்றுக்கேற்ற துறைமுகமும் ஊரும் வயலும் எழுப்பி, எல்லாவற்றின்மேலும் ஒரே அழுக்கையும் ஒரே மூப்பையும் படியவைத்தார். பாதையோ வெறும் பதினாறரை. அதன் எதிரே நிற்கிறவருக்கு அளவுகோலை எடுக்கத் தோன்றுவதில்லை.

எவ்வளவு கண்டிப்பானவரும் எங்கேனும் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஒரு மைல் தூரத்தை நான்கு மில்லிமீட்டர் கணக்கில் சுருக்கினால் 21 மீட்டர் வருகிறது. அவ்வளவு நீளமான அறை யார் வீட்டில் இருக்கிறது? பெட்டியோடு விற்கும் வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 438 மில்லிமீட்டர்; நிஜ அளவில் அது 33 மீட்டர், எந்த எக்ஸ்பிரஸும் திரும்ப முடியாத வளைவு. எடையோ கனஅளவைப்போல் மும்மடிப் பெருக்கத்தில் சுருங்குவதால், ஐம்பது டன் எஞ்சின் நூற்றுப்பதின்மூன்று கிராமாகிவிடும். அத்தகைய வஸ்துவுக்கு நிஜ ரயிலின் கம்பீரமான தயக்கம் எப்படி வரும்? மோட்டாரின் தண்டில் ஒரு சிறு பளுச்சக்கரத்தைக் கோத்து, அந்தத் தயக்கத்தையும் செயற்கையாகத்தான் வரவழைக்கிறார்கள். ஆகையால் பொய்யே கலவாத மாதிரி என்று ஒன்றில்லை. அகலத்தைத் திருத்துகிறவர் வளைவில் பொய் சொல்கிறார். வளைவைத் திருத்துகிறவர் தூரத்தில் சொல்கிறார். எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை முதல் அச்சு முதல் கடைசிக் கூரை வரை பிசகாமல் கடைப்பிடிப்பவரே இங்கே கலைஞர் ஆகிறார். ஒரு மூலையில் 18.83-ஐச் சாதித்துவிட்டு, மறுமூலையில் நேற்று வாங்கிய பளபளப்புக் குலையாத வீட்டை வைப்பவருக்கு அந்தப் பட்டம் கிட்டுவதில்லை.

இந்த நியாயத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், தம் மலைப்பாதையில் ஷண்டிங் வேலைக்கு ஓர் ஆதிகாலத்து ராட்சதப் பல்லியைக்கூட அமர்த்தி, பார்த்தவர்களையெல்லாம் நம்பவைத்தவர் கலிபோர்னியாவின் மான்டரே நகரத்து ஜான் ஆலன். அவரையும், 1973-ல் அவர் மறைந்த சில நாட்களுக்குள் அவருடைய ரயில்பாதை தீக்கிரையானதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)